பழுதும் பழமையும்

பழைய பேஸ் கித்தார் ஒன்று பழுதுபார்ப்பவரின் மேசைமேல் கிடக்கிறது. 1963ஆம் ஆண்டில், அமெரிக்கக் கலிபோர்னியா மாநிலத்தின் ஃபுல்லர்டன் நகரில், ஃபெண்டர் தொழிலகத்தில் உருவான 'பிரிசிஷன் பேஸ்' அது எனக் கொள்வோம். அறுபது ஆண்டுகள் கடந்தும் மரம் உறுதியாக இருக்கிறது, கழுத்து வளையவில்லை. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் அடியில் இருந்த பழைய பொட்டென்ஷியோமீட்டர் மட்டும் இல்லை. 1970களில் எவரோ ஒருவர் அதைக் கழற்றிவிட்டு, கைக்குக் கிடைத்த வேறொன்றைப் பொருத்தியிருக்கிறார். அந்த மாற்றுப் பாகமும் இன்றுவரை குறையின்றி வேலை செய்கிறது. ஆயினும் கருவியின் உரிமையாளருக்கு மனநிறைவில்லை. 1963ஆம் ஆண்டின் முத்திரை பதிந்த பாகம் ஒன்றைத் தேடிப் பிடித்து, நல்ல விலை கொடுத்து வாங்கி வந்து, "இதை எடுத்துவிட்டு அதை வையுங்கள்" என்கிறார். வைக்கலாமா?

வைத்தால் என்ன என்று கேட்பது எளிது. கட்டைவிரல் அகலமுள்ள சிறு பாகம். இரண்டு மூன்று இடங்களில் ஈயப் பற்றாசு. கைதேர்ந்தவருக்கு அரைமணி நேர வேலை. ஆனால் ஒரு பொருளின் உண்மை எதில் இருக்கிறது என்னும் வினா அந்த அரைமணி நேரத்துக்குள் அடங்கியிருக்கிறது. அது பொருளின் உடலில் இருக்கிறதா, அதன் வரலாற்றில் இருக்கிறதா, அன்றி அதைப் பற்றிச் சொல்லப்படும் சொல்லில் இருக்கிறதா?

அந்தப் பாகத்தின் முதுகில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 304 6320 என்றிருந்தால், 304 என்பது அதைச் செய்த ஸ்டாக்போல் நிறுவனத்தைக் குறிக்கும். 63 ஆண்டைக் குறிக்கும். 20 அவ்வாண்டின் இருபதாம் வாரத்தைக் குறிக்கும். 137 என்று தொடங்கினால் செய்தது சி.டி.எஸ். நிறுவனம். இவை போதா என்று, கழுத்து உடலோடு பொருந்தும் அடிப்பகுதியில், பென்சிலாலோ ரப்பர் முத்திரையாலோ தேதியும் இடப்பட்டிருக்கும். பழங்கருவிகளை மதிப்பிடுவோர் கல்வெட்டாய்வாளரைப் போல இவற்றைப் படிக்கின்றனர். இருபதாம் வாரத்தில் செய்த பாகம் உள்ளே இருக்குமாயின், கருவி அதற்கு முன்னர் முழுமை பெற்றிருக்க இயலாது என முடிவு கட்டுகின்றனர். ஆக, அந்த எண் வெறும் எண்ணன்று, சாட்சி.

இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. வேறொரு கருவியிலிருந்து எடுத்த 1963ஆம் ஆண்டுப் பாகத்தை இக்கருவியில் வைத்தால், அந்தப் பாகம் பொய்யாகிவிடுமா? இல்லை, அது மெய்யாகவே 1963இல் செய்யப்பட்டது. எண்ணும் மெய். உடலும் கழுத்தும் மெய். மெய்யான இத்தனை பாகங்களும் சேர்ந்து, 'இக்கருவியை இதுவரை எவரும் தொட்டதில்லை' என்று ஒரு பொய்யைச் சொல்கின்றன. நேர்மையான ஒருவரை, அவர் காணாத நிகழ்ச்சிக்குச் சாட்சியாக நிறுத்துவது போன்றது இது. போலிப் பாகமாயின் கூர்ந்து நோக்கிக் கண்டுபிடித்துவிடலாம். இதையோ எந்தப் பூதக்கண்ணாடியும் காட்டாது.

இத்தகைய தேடலுக்குக் காரணம் இல்லாமலில்லை. லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸை வெளியிட்டார். அதற்கு முன் மேல்நாட்டு இசைக்குழுக்களில் தாழ்சுருதி வாசிப்பவர் ஆளுயரத்தை விஞ்சும் டபுள் பேஸைச் சுமந்து திரிந்தார்; முரசும் எக்காளமும் முழங்கும் கூடங்களில் அதன் ஒலி அமுங்கிப்போயிற்று. ஃபெண்டரின் கருவி தோளில் மாட்டக்கூடியது; மின்பெருக்கியால் ஒலி பெருகுவது; விரற்பலகையில் மெட்டுகள் பதித்ததாகையால் சுருதி பிசகாதது. 'துல்லியம்' என்னும் பொருள்படும் பெயர் அதற்கு வாய்த்ததும் அதனாலேயே. 1965ஆம் ஆண்டு சனவரியில் அவர் தம் நிறுவனத்தைச் சி.பி.எஸ். என்னும் பெருநிறுவனத்துக்கு 1 கோடியே 30 இலட்சம் டாலருக்கு விற்றார். அதன்பின் செய்ந்நேர்த்தி குன்றியது என்பது வாசிப்போரிடையே வேரூன்றிய கருத்து. அதில் மெய்யும் உண்டு, மிகையும் உண்டு. எவ்வாறாயினும், அவ்விற்பனைக்கு முந்திய கருவிகளுக்குத் தனி மதிப்பு ஏற்பட்டுவிட்டது. மூலப் பூச்சைச் சுரண்டி மறுபூச்சுப் பூசிய கருவியின் விலை ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பது வணிகரின் நெடுநாள் வாய்ப்பாடு.

ஒலிக்காகத்தான் பழைய பாகங்களைத் தேடுகிறோம் என்று சிலர் கூறுவர். அவ்வாதம் ஓரளவு செல்லும். நரம்புகளின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றும் பிக்கப்பில், அல்நிக்கோ காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக்கம்பி ஏறத்தாழப் பத்தாயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். அக்கம்பியின் உறை, சுற்றின் இறுக்கம், காந்தத்தின் வலு ஆகியவை ஒலியின் நிறத்தை மாற்றவே செய்யும். ஆனால் பொட்டென்ஷியோமீட்டரின் கதை வேறு. 250,000 ஓம் தடையென்றால், பழையதாயினும் புதியதாயினும் அளந்து தேர்ந்த இரண்டுக்கும் காது வேறுபாடு காணாது. வேறுபாடு காண்பது விலைச்சீட்டுதான். எது செவிக்காக, எது சந்தைக்காக என்று பிரித்துக்கொள்ளாமல் பேசுவதனால் இத்துறையில் குழப்பம் மலிந்திருக்கிறது.

இன்னொன்றையும் எண்ணவேண்டும். லியோ ஃபெண்டர் வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் தொழிலிலிருந்து வந்தவர். கித்தார் வாசிக்க அவர் கற்றுக்கொண்டதே இல்லை. கழுத்தை உடலோடு பசையிட்டு ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் பிணைத்தார். கழுத்து கெட்டால் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டலாம் என்பதே அவர் நோக்கம். பாகங்களை மாற்றுவது அக்கருவிக்கு நேர்ந்த விபத்தன்று, அதன் பிறவிக்குணம். கிரேக்கர் சொன்ன தெசியஸின் கப்பல் கதையில், பலகை பலகையாக மாற்றியபின் அது அதே கப்பல்தானா என்று ஏதென்ஸ் நகரத்து அறிஞர் வாதிட்டனர். அக்கப்பலைக் கட்டிய தச்சரே, பலகைகள் மாற்றத்தக்கனவாகவே கட்டியிருந்தால் அவ்வாதம் என்னவாகும்? தம் கருவியின் ஒவ்வொரு திருகாணிக்கும் மாற்றுத் திருகாணி விற்றவருக்கு, 'மூலப் பாகம்' என்று இன்று எழும் பக்தி வியப்பாகவே தோன்றியிருக்கும்.

தொழிலகத்தின் நடைமுறையும் இப்பக்திக்கு இடம் தருவதாயில்லை. கழுத்து ஒரு மாதத்தில் முடிந்திருக்கும். உடல் வேறொரு மாதத்தில். பெட்டிகளில் குவிந்து கிடந்த பாகங்களிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டினர். 1966ஆம் ஆண்டில் பெருந்தொகையாக வாங்கிய பொட்டென்ஷியோமீட்டர்களை 1969 வரையிலும் ஃபெண்டர் தொழிலகத்தார் பயன்படுத்தி வந்தனர். ஆகவே 1968ஆம் ஆண்டுக் கருவியில் 1966ஆம் ஆண்டு எண் இருப்பதே இயல்பு. அதைக் கண்டு, 'காலம் பொருந்தவில்லை' என்று ஒருவர் 1968ஆம் ஆண்டுப் பாகத்தைத் தேடி வைப்பாராயின், அவர் பிழையைத் திருத்தியவர் ஆகார். மெய்யை அழித்தவரே ஆவார். காலத்துக்கு ஏற்ற பாகம் என்று கூறப்படுவது, பல வேளைகளில், அக்காலத்தில் இருந்த பொருளன்று. அக்காலத்தைப் பற்றி இக்காலத்தார் வரைந்துகொண்ட ஓவியம்.

சரி, பின்னாளில் நேர்ந்த மாற்றங்கள் எல்லாம் களையத்தக்க குறைகள்தாமா? டெட்ராய்ட் நகரின் மோடவுன் இசைக்கூடத்தில் 1960களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் கருவி 1962ஆம் ஆண்டுப் பிரிசிஷன் பேஸ். அதன் தடித்த நரம்புகளை, அறுந்தாலன்றி, அவர் மாற்றவே இல்லை. அழுக்கேறிய அந்நரம்புகளும், குதிரையின் மூடிக்கடியில் அதிர்வை அடக்கிய நுரைப்பஞ்சும் சேர்ந்தே உலகம் அறிந்த அவ்வொலியைத் தந்தன. நன்கு துடைத்துப் புதுநரம்பு பூட்டியிருந்தால் அக்கருவி அழகு பெற்றிருக்கும். ஜேமர்சனின் கருவியாக இருந்திராது. 1983இல் அவர் மறைவதற்குச் சற்று முன் அது களவு போயிற்று.

ஜாக்கோ பஸ்டோரியஸின் கருவி இதனினும் கூர்மையான சான்று. அது 1962ஆம் ஆண்டு 'ஜாஸ் பேஸ்'. அதன் விரற்பலகையிலிருந்து மெட்டுகளைத் தாமே பிடுங்கிவிட்டதாக அவர் கூறிவந்தார். பள்ளங்களை அடைத்து, படகுகளுக்குப் பூசும் எப்பாக்சியை மேலே பூசினார். பழங்கருவிப் பற்றாளர் ஒருவர் அன்று பக்கத்தில் இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். ஆனால் 1976இல் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தட்டில், வழுக்கிச் சென்று பாடும் குரல்போல் ஒலிப்பது அந்த 'நாசமாக்கப்பட்ட' விரற்பலகைதான். பின்னர் அக்கருவி துண்டுதுண்டாக உடைந்தது, கைவினைஞர் ஒட்டிக்கொடுத்தனர், 1986இல் நியூயார்க்கில் களவு போயிற்று, இருபது ஆண்டுகள் கழித்து வெளிப்பட்டு, 2010இல் குடும்பத்தாரைச் சென்று சேர்ந்தது. அதற்கு 1962ஆம் ஆண்டுக்குரிய மெட்டுகளைத் தேடிப் பதித்துச் 'சீர்திருத்த' எவரேனும் முன்வருவரா? வரமாட்டார். வந்தால் அது கொடுமை என்று உலகம் கூக்குரலிடும்.

பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க் நகரில் ஏறத்தாழ 30 பவுனுக்கு வாங்கிய ஹோஃப்னர் பேஸும் அவ்வாறே. 1964இல் அதற்கு மறுபூச்சுப் பூசி, பிக்கப்புகளுக்குப் புதுச் சட்டமும் அமைத்தனர். 1972இல் லண்டனில் களவுபோன அக்கருவி அவரிடம் மீண்ட செய்தி 2024இல் வெளியாயிற்று. செப்பனிடப்பட்டு அவ்வாண்டு டிசம்பரில் மேடையும் ஏறியது. அதன் 'சரியான' ஆண்டு எது? 1961 என்றால் 1964இன் பூச்சைச் சுரண்டவேண்டும். அப்படிச் சுரண்டினால், திரும்பி வந்தது எந்தக் கருவி என்றே தெரியாமற்போகும்.

புகழ்பெற்றோர் செய்த மாற்றம் என்றால் அது வரலாறு. முதலில் கண்ட 1963ஆம் ஆண்டுக் கருவியில் பொட்டென்ஷியோமீட்டரை மாற்றியவர் பெயரில்லாதவர். ஆகவே அவர் செய்தது குறை. இந்த வேற்றுமைக்கு நியாயம் உண்டா? அவர் ஏதோ ஒரு விடுதியில் இரவெல்லாம் வாசித்துப் பிழைத்தவராக இருக்கலாம். பாதி நிகழ்ச்சியில் ஒலி கரகரக்க, மறுநாள் காலையில் கடைக்கு ஓடி, மலிவான ஒன்றை வாங்கி, நடுங்கும் கையால் பற்றாசு வைத்து, மாலையில் மீண்டும் மேடையேறியிருக்கலாம். அந்தக் கோணல்மாணலான பற்றாசு, அக்கருவி காட்சிப்பெட்டியில் உறங்காமல் உழைத்தது என்பதற்கு எஞ்சியிருக்கும் ஒரே சான்று. அதைத் துடைத்தெறிந்து 1963ஐ மீட்கும்போது, அறுபது ஆண்டு வாழ்வைத் துடைத்துவிட்டுப் பிறந்தநாளை மட்டும் வைத்துக்கொள்கின்றனர்.

தொழிலகத்திலும் பெயரறியாத கைகள் இருந்தன. 1950களில் கழுத்துகளைச் செதுக்கிய ததேயோ கோமஸ், தம் பெயரின் முதலெழுத்துகள் இரண்டைப் பென்சிலால் கழுத்தின் அடியில் எழுதிவைத்தார். கம்பிகளை இணைத்த பெண்கள் சிலர், தம் பெயரைக் காகித ஒட்டுநாடாவில் எழுதி, மின்பாகங்கள் அமரும் குழிக்குள் ஒட்டினர். பூட்டிய மூடிக்குள் இருந்த அவற்றை வாசிப்போர் காணவில்லை. பிற்காலத்தில் பழுதுபார்ப்போர்தாம் கண்டனர். ஏட்டில் இடம்பெறாத உழைப்பாளரின் கையொப்பம் என்று இன்று அவற்றைப் போற்றுகின்றனர். செய்த கையைப் போற்றுவோர், செப்பனிட்ட கையை மட்டும் ஏன் தள்ளவேண்டும்?

பழம்பாகங்கள் எங்கிருந்து கிடைக்கின்றன என்பதை விற்போர் உரக்கப் பேசுவதில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட பாகத்தை இன்று எவரும் புதிதாகச் செய்துவிட முடியாது. ஒரு கருவியில் அது வேண்டுமென்றால், பெரும்பாலும் மற்றொரு கருவி அதை இழந்திருக்கவேண்டும். முழுக்கருவியாக விற்பதைவிட, கழுத்து வேறு, பிக்கப் வேறு, குதிரை வேறு, திருகாணி வேறு எனப் பிரித்து விற்றால் மிகுந்த பணம் கிடைக்குமெனில், பிரிப்போர் பிரிக்கவே செய்வர். மறுபூச்சுப் பூசப்பட்டதனால் விலை குறைந்த, ஆனால் நன்றாக வாசிக்கக்கூடிய கருவிகளே இதற்கு முதற்பலி. ஒன்றை 'முழுமை' ஆக்குவதற்காக உழைக்கும் இன்னொன்று உடைக்கப்படுகிறது. மரத்தின் கதையும் இதைப் போன்றதே. 1959 முதல் 1960களின் நடுப்பகுதிவரை ஃபெண்டர் விரற்பலகைகளுக்குப் பயன்பட்ட பிரேசில் நாட்டு ஈட்டி மரம், அழிவை எதிர்நோக்கும் இனமாகி, 1992 முதல் பன்னாட்டு வணிகத்தில் மிகக் கடுமையான தடைக்கு உட்பட்டிருக்கிறது. காலத்துக்கு ஏற்ற மரம் வேண்டும் என்னும் ஆசைக்குக் காடு ஈடுகொடுக்க முடியாது.

ஓவியங்களைச் செப்பனிடுவோர் இவ்வினாவை முன்னரே எதிர்கொண்டனர். உரோம் நகரிலுள்ள நடுவண் செப்பனிடு கழகத்தின் முதல் இயக்குநராகிய சேசரே பிராண்டி, 1963இல் வெளியிட்ட நூலில் ஒரு நெறியை வகுத்தார். செப்பனிட்ட இடம் தொலைவிலிருந்து காண்போரின் பார்வையைக் கெடுக்கலாகாது. அருகில் வந்தவருக்கோ தன்னை மறைக்கலாகாது. அதனால் உதிர்ந்த இடங்களை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்பினர். எட்ட நின்றால் படம் முழுமையாகத் தோன்றும். கிட்ட வந்தால் இது பின்னாளைய கை என்று கோடுகளே கூறிவிடும். தமிழ் பயில்வோர்க்கு இந்நெறி புதிதன்று. உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, சங்கநடையில் சில அடிகள் புனைந்து இட்டு நிரப்பப் புலமை போதாமல் புள்ளிகளை விட்டுவைத்தாரல்லர். கிடைக்காத 267, 268ஆம் பாடல்களின் இடம் இன்றும் வெற்றிடமாகவே இருக்கிறது. அக்காலச் சொற்களையே கொண்டு அக்காலத்துக்கு ஏற்பப் புனைந்த அடி, பொருந்தாத அடியைவிடத் தீங்கு மிகுந்தது. பொருந்தாததைப் பின்வருவோர் கண்டுகொள்வர்.

இசைக்கருவியில் வெற்றிடம் விட முடியாது என்பது உண்மையே. பாடல் இரண்டு இல்லாவிடினும் புறநானூற்றைப் படிக்கலாம். மின்சுற்று அறுந்த பேஸ் ஊமை. கருவி ஒலிக்கவேண்டுமென்றால் ஏதோ ஒரு பாகத்தை வைத்தே ஆகவேண்டும். ஆகவே, பழம்பாகத்தைப் பொருத்துவதே பாவம் என்று தீர்ப்பளிப்பது மிகையாகும். மூலப் பிக்கப் எரிந்துபோன கருவிக்கு அதே காலத்துப் பிக்கப் கிடைத்தால், அதன் பழைய குரலை ஏறத்தாழ மீட்கலாம். அது வாசிப்பவருக்கும் கேட்பவருக்கும் நன்மையே. 1995இல் ஃபெண்டரின் தனிப்பணிக்கூடமே, புதிய கருவிகளைத் தேய்த்து, கீறி, பழையனபோல் ஆக்கி 'ரெலிக்' என்னும் பெயரில் விற்கத் தொடங்கியது. பலர் அதை எள்ளி நகைத்தனர். அந்நகைப்பு தேவையற்றது. அது வேடம்தான், ஆனால் கூத்தில் அரசன் வேடம் கட்டியவரை எவரும் ஏமாற்றுக்காரர் என்பதில்லை. புதியது என்று சொல்லியே விற்கும் வேடம் எவரையும் வஞ்சிப்பதில்லை. சொல்லாமல் பொருத்திய ஒரு மெய்யான 1963ஆம் ஆண்டுத் திருகாணி வஞ்சிக்கிறது.

யாரை வஞ்சிக்கிறது? இப்போதைய உரிமையாளரை அன்று. அவருக்கு எல்லாம் தெரியும். அவரிடமிருந்து வாங்கப்போகிறவரையும், அவருக்குப் பின் அக்கருவியை ஆராயப்போகிறவரையுமே வஞ்சிக்கிறது. அவர்கள் பழுதுபார்ப்பவரின் மேசைக்கருகே நிற்பதில்லை. தமக்காக வாதாடவும் இயலாது. கூலி கொடுப்பவர் முன்னே நிற்கிறார். உண்மைக்கு உரியவர் இன்னும் வரவே இல்லை. இத்தொழிலின் அறச்சிக்கல் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. 'உரிமையாளர் சொன்னதைச் செய்தேன்' என்னும் விடை இதற்குப் போதாது. பொருத்தம் எவ்வளவு நேர்த்தியாக அமைகிறதோ அவ்வளவுக்குச் சொல்லவேண்டிய கடமையும் பெருகுகிறது. கோணலான பற்றாசு தன் கதையைத் தானே சொல்லிக்கொள்ளும். நேர்த்தியான பற்றாசுக்காக ஆள்தான் பேசவேண்டும்.

கழற்றிய பாகங்களை உறையிலிட்டு, எது எப்போது மாற்றப்பட்டது என்று ஒரு தாளில் எழுதிக் கருவியின் பெட்டிக்குள் வைத்துவிடும் வழக்கம் நல்ல பழுதுபார்ப்போரிடம் உண்டு. ஆனால் பெட்டி வேறு, கருவி வேறாகப் பிரியும். தாள் தொலையும், தொலைக்கவும்படும். விலை உயர வேண்டுமென்று விரும்புபவர் கையில் அத்தாள் எத்தனை நாள் தங்கும் என்று சொல்வதற்கில்லை. ஆகவே சிலர், வைக்கும் பாகத்தின் மேலேயே, பழைய எண்ணுக்கு அருகில், மாற்றிய ஆண்டைச் சிறிய ஊசியால் கீறிவிடலாம் என்பர். மூடியைப் பூட்டிவிட்டால் அக்கீறல் வெளியே தெரியாது, ஒலியையும் கெடுக்காது. திறந்து பார்ப்பவருக்கு மட்டும், 1963ஆம் ஆண்டின் எண்ணும், அது இங்கே வந்த ஆண்டும் அடுத்தடுத்துத் தென்படும்.

இந்தக் கீறலுக்கு ஒப்புவோரும் உண்டு. ஒப்பாதவர், பழம்பாகத்துக்குக் கொடுத்த விலை வீணாகிவிடும் என்கின்றனர். அவ்விடையைக் கேட்டபின், 1970களில் எவரோ வைத்த பாகத்தை அப்படியே விட்டுவிட்டு, நான்கு திருகாணிகளையும் முடுக்கி, கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடும் பழுதுபார்ப்பவருக்கு அன்றைய கூலி இல்லை.